குபர்னெட்டிஸ் கான்ஃபிகில் உள்ள டாக்குமென்டேஷன் லிங்குகள் பழசாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

குபர்னெட்டிஸ் என்பது பல கணினிகளை ஒரே கூட்டமாக (கிளஸ்டர்) சேர்த்து அப்ளிகேஷன்களை ஓட்டும் மென்பொருள். அப்படி ஒரு கிளஸ்டரை நிர்வகிக்கும் ஏதாவது ஒரு ரெப்போவை (கோப்புக் களஞ்சியத்தை) திறந்து பாருங்கள். செட்டிங்குகளை எழுதும் வேல்யூஸ் கோப்பில் ஒரு மெமரி வரம்பு இருக்கும். அதற்கு மேலே ஒரு கமென்ட்: "ஏன் இந்த அளவு? விவரம் இங்கே." பக்கத்தில் ஒரு லிங்க். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். லிங்க் போகிற பக்கமும் இல்லை. காரணம் தெரியாததால் அந்த எண்ணை யாரும் தொடுவதில்லை.

இது எரிச்சல்தான், பெரிய ஆபத்து இல்லை. 404 (பக்கம் இல்லை) வந்தால் லிங்க் செத்துவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. வேறு வழியில் தேடிக்கொள்வோம். பயப்பட வேண்டியது, ஒழுங்காகத் திறந்து பழைய காலத்து விஷயத்தைச் சொல்லும் லிங்குக்குத்தான். பாட் என்பது குபர்னெட்டிஸில் ஓடும் மிகச் சிறிய அலகு; அது எதையெல்லாம் செய்யலாம் என்று கட்டுப்படுத்திய பாட் செக்யூரிட்டி பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1.21 பதிப்பில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். 2022 ஆகஸ்டில் வந்த 1.25இல் நீக்கிவிட்டார்கள். அதன் பழைய ஆவண முகவரி செத்துப் போகவில்லை; திறந்தால், நீக்கப்பட்ட வசதி இது என்று சொல்லும் ஒரு பக்கம் வரும். லிங்க் சரிபார்க்கும் கருவியைக் கேட்டால் 200 (பக்கம் திறக்கிறது), எல்லாம் நலம் என்று பச்சை டிக் போடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் சரிபார்க்கும் கருவி ஐந்தாவது படியில்தான் வருகிறது. லிங்கை எங்கே வைக்கிறோம், எதைப் பார்த்து வைக்கிறோம் என்பதை முதலில் சரிசெய்யாவிட்டால், கருவி வாரா வாரம் ஓடிப் பச்சை காட்டிக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூர் டீம்களில் இதைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளிக்கு நமக்கு லீவு வேண்டும், ஆன்-காலை (அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறையை) சீன நண்பர் பார்த்துக்கொள்வார். சீனப் புத்தாண்டுக்கு நாம் உட்காருவோம். ஹரி ராயாவுக்கு முறை மறுபடி மாறும். நடுவில் ஒருவருக்கு ரிசர்விஸ்ட் (ராணுவப் பயிற்சி) அழைப்பு வரும். சில இடங்களில் பாதி ஷிப்டை சென்னை டீம் எடுத்துக்கொள்ளும். ஆக, ரன்புக்கை (கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற வழிக்குறிப்பை) எழுதுபவர் ஒருவர், பதற்றத்தில் அதைத் திறப்பவர் இன்னொருவர். வங்கி, காப்புறுதித் துறைகளில் கெடுவும் கறாரானது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் நிர்வாக விதிகளின்படி, முக்கியமான சிஸ்டம் எதுவும் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் முடங்கக் கூடாது. பெரிய சம்பவம் என்றால், தெரியவந்த 1 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடத்தை ஒரு தப்பான லிங்குக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

படி 1: லிங்குகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கெடுங்கள்

ரெப்போவில் கிட் கிரெப் ஓட்டி "எச்டிடிபிஎஸ்" என்று தேடினால் முடிந்தது என்று நினைப்போம். பாதிதான் கிடைக்கும். லிங்க் உட்காரும் இடத்தைப் பொறுத்து அதன் ஆயுளும் மாறுகிறது.

யாமெல் (கான்ஃபிக் எழுதும் கோப்பு வடிவம்) கமென்டில் இருக்கும் லிங்க் ரெப்போவோடு நின்றுவிடும். கோப்பைக் கிளஸ்டருக்கு அனுப்பும்போது (அப்ளை) அதை வாங்கிக்கொள்ளும் ஏபிஐ சர்வர் கமென்டுகளைச் சேமித்து வைப்பதில்லை. கிளஸ்டரை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த லிங்க் கிடையவே கிடையாது. ஆனால் செட்டிங்குகளைக் கிளஸ்டருக்குள் வைக்கும் கான்ஃபிக்மேப்பின் உள்ளே ஒரு முழு என்ஜின்எக்ஸ் கோப்பையோ வேறு கான்ஃபிக் கோப்பையோ திணித்திருந்தால், அதற்குள் இருக்கும் கமென்ட் வெறும் எழுத்தாகவே கிளஸ்டருக்குள் போய்விடும். இந்த வித்தியாசம் நான்காவது படியில் நம்மைக் கடிக்கும்.

அனோட்டேஷனில் (பொருளோடு ஒட்டி வைக்கும் குறிப்பில்) இருப்பது கிளஸ்டருக்குள் வாழும் லிங்க். லேபிளில் (பொருட்களைத் தேடிப் பிரிக்க உதவும் அடையாளத்தில்) லிங்க் வைக்க முடியாது. லேபிள் மதிப்புக்கு 63 எழுத்துதான் வரம்பு, சாய்கோடும் முக்காற்புள்ளியும் அங்கே செல்லாது. அனோட்டேஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரு பொருளின் எல்லா அனோட்டேஷன்களும் சேர்ந்து 256 கிபிபைட் வரை போகலாம்.

பிறகு யாரும் எண்ணிப் பார்க்காத இடங்கள்:

கண்காணிப்புக் கருவியான ப்ரொமீதியஸின் அலர்ட் விதிகளில் வரும் ரன்புக் யூஆர்எல். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.
ஹெல்ம் சார்ட் (குபர்னெட்டிஸில் நிறுவும் தொகுப்பு) கோப்பில் உள்ள ஹோம், சோர்ஸஸ் புலங்கள், இன்ஸ்டால் முடிந்ததும் திரையில் வரும் நோட்ஸ் கோப்பு.
கொள்கைகளை அமல்படுத்தும் கிவெர்னோ, கேட்கீப்பர் போன்றவை ஒரு டெப்ளாய்மென்டை (பாட்களை இயக்கும் வரையறையை) மறுக்கும்போது காட்டும் செய்தி. "கொள்கையை இங்கே படிக்கவும்" என்று அதில் ஒரு லிங்க் இருக்கும்.
கஸ்டம் ரிசோர்ஸ் (நாமே சேர்க்கும் புதிய பொருள் வகை) வரையறைகளின் விளக்கப் பகுதி, பழைய பதிப்பைப் பயன்படுத்தினால் கியூப்கண்ட்ரோல் கட்டளை காட்டும் எச்சரிக்கை வாசகம்.
கான்ஃபிக்மேப்பில் ஜேசனாக இருக்கும் கிராஃபானா டாஷ்போர்டுகளும் அவற்றின் பேனல் லிங்குகளும்.

இன்னொரு சிக்கல், துண்டு துண்டாக இருக்கும் லிங்குகள். கியூப்-ப்ரொமீதியஸ்-ஸ்டாக் சார்ட்டில் ரன்புக்கின் அடிப்படை முகவரி வேல்யூஸில் ஒரு இடத்தில் இருக்கும். அலர்ட்டின் பெயர் டெம்ப்ளேட்டில் வேறிடத்தில் இருக்கும். ரெண்டர் ஆகும்போதுதான் (டெம்ப்ளேட்டில் மதிப்புகள் நிரப்பப்படும்போதுதான்) இரண்டும் சேர்ந்து ஒரு லிங்க் ஆகும். ரெப்போவில் எவ்வளவு தேடினாலும் முழு முகவரி கிடைக்காது. அதனால் மூன்று தடவை தேடுங்கள்: ரெப்போவில் ஒருமுறை, ஹெல்ம் டெம்ப்ளேட் ஓட்டி வந்த வெளியீட்டில் ஒருமுறை, ஓடும் கிளஸ்டரிலிருந்து எல்லாப் பொருட்களையும் யாமெலாக இறக்கி அதில் ஒருமுறை. கடைசியாகச் சொன்னதில் சீக்ரெட்டுகளை (கடவுச்சொல் போன்றவற்றை) விட்டுவிடுங்கள். வேல்யூஸ் கோப்பின் கமென்டுகள் ரெண்டர் செய்த வெளியீட்டில் வராது என்பதால் முதல் தேடலைத் தவிர்க்கவும் முடியாது.

மூன்று பட்டியலையும் ஒன்றாக்கி, திரும்ப வருவதை நீக்கி, ஒவ்வொரு லிங்குக்கும் பக்கத்தில் அது எந்தக் கோப்பில், எந்த வகையான இடத்தில் இருக்கிறது என்று எழுதி ஒரு ஷீட்டில் வையுங்கள். அடுத்த படிக்கு இது வேண்டும்.

படி 2: செத்துப்போன முகவரிகளை முதலில் களையெடுங்கள்

கருவி இல்லாமலே, பெயரைப் பார்த்தே தூக்க வேண்டியவை சில உண்டு. கடந்த சில ஆண்டுகளில் குபர்னெட்டிஸ் உலகத்தில் வீடு மாறியவர்கள் நிறைய.

கே8எஸ்.ஜிசிஆர்.ஐஓ என்ற பழைய இமேஜ் ரெஜிஸ்ட்ரி 2023 ஏப்ரல் 3 அன்று உறைய வைக்கப்பட்டது. புதிய வீடு ரெஜிஸ்ட்ரி.கே8எஸ்.ஐஓ. இது ஆவண லிங்க் இல்லையே என்று கேட்கலாம். ஆனால் நிறுவும் வழிமுறை சொல்லும் கமென்டுகளில் இது நிறைய ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸின் ஏபிடி, யம் பேக்கேஜ்களுக்கான பழைய களஞ்சியங்கள் 2023 செப்டம்பரில் உறைந்து, 2024 மார்ச்சில் எடுக்கப்பட்டன. இப்போது எல்லாம் பிகேஜிஎஸ்.கே8எஸ்.ஐஓ வழியாகத்தான். அங்கே ஒவ்வொரு மைனர் பதிப்புக்கும் (1.31, 1.32 போல) தனிக் களஞ்சியம் என்பதால், முகவரிக்குள்ளேயே பதிப்பு எண் இருக்கும். அப்கிரேடின்போது அதுவும் மாற வேண்டும்.

ஹெல்மின் ஸ்டேபிள், இன்குபேட்டர் களஞ்சியங்கள் 2020 நவம்பர் 13 அன்று ஓய்வு பெற்றன. சோர்ஸஸ் புலத்தில் அந்தப் பெயர் இருந்தால் சார்ட்டே கைவிடப்பட்டதா என்று பாருங்கள்.

கோர்ஓஎஸ் பெயரில் இருக்கும் எதுவும் சந்தேகத்துக்குரியது. அந்த நிறுவனத்தை 2018இல் ரெட் ஹேட் வாங்கியது. எட்சிடி, ப்ரொமீதியஸ் ஆபரேட்டர் இரண்டின் ரெப்போக்களும் வேறு பெயருக்குக் குடிபோய்விட்டன. கிட்ஹப் பழைய பெயரிலிருந்து புதியதற்குத் தானே அனுப்பிவைக்கும். அந்த வசதியை நம்பி அப்படியே விடாதீர்கள். பழைய பெயரில் வேறு யாராவது ஒரு ரெப்போ தொடங்கினால் ரீடைரக்ட் போய்விடும், உங்கள் லிங்க் முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நிற்கும்.

நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் கூகிளின் பழைய குறுக்கு லிங்க் சேவை 2019 மார்ச்சோடு புதிதாக லிங்க் உருவாக்குவதை நிறுத்தியது. பயன்பாடு இல்லாத லிங்குகளை 2025 ஆகஸ்டில் முடக்கப்போவதாகவும் அறிவித்தது. பொதுவாகவே, அடுத்தவர் நடத்தும் குறுக்கு லிங்க் எதுவும் கான்ஃபிகில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. எங்கே போகிறது என்பதே தெரியாத முகவரியை ரிவ்யூவில் எப்படி ஒப்புக்கொள்வது?

வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கிளஸ்டருக்குள் அனுப்பும் இன்க்ரெஸ் என்ஜின்எக்ஸின் பராமரிப்பு 2026 மார்ச்சோடு முடியும் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அதன் அனோட்டேஷன் பட்டியலுக்கு லிங்க் கொடுக்காத ரெப்போ சிங்கப்பூரிலேயே குறைவு. அந்த லிங்குகள் திறக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, மாற்றத் திட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

படி 3: ஒவ்வொரு லிங்கும் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மிச்சமிருக்கும் லிங்குகளில் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது "ஏன் இப்படிச் செய்தோம்" என்பதற்கா, "இப்போது என்ன செய்வது" என்பதற்கா?

"ஏன்" என்பதற்கான லிங்க் அசையக் கூடாது. ஒரு முடிவு எடுத்த அன்று நாம் பார்த்த பக்கம்தான் அதற்குச் சாட்சி. அதனால் பதிப்பைக் கட்டிப்போடுங்கள். கிட்ஹப் கோப்பு என்றால், பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விசைப்பலகையில் ஒய் எழுத்தைத் தட்டினால் முகவரி அந்தக் கமிட்டுக்கான நிரந்தர முகவரியாக மாறிவிடும்; அதை எடுத்து ஒட்டுங்கள். கிளையின் பெயரோடு ஒட்டினால், கிளைப் பெயர் மாறினாலும் வரிகள் நகர்ந்தாலும் லிங்க் வேறு எதையோ காட்டும்.

"என்ன செய்வது" என்பதற்கான லிங்க் உங்களுடைய பக்கத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து வெளி ஆவணத்துக்கு லிங்க் கொடுத்துக்கொள்ளலாம். அலர்ட் அடித்ததும் ஒருவரை நேராகக் குபர்னெட்டிஸ் ஆவணத்தில் கொண்டுபோய் விட்டால், உங்கள் கிளஸ்டரின் பெயரும் தெரியாது, யாரை அழைப்பது என்றும் தெரியாது.

குபர்னெட்டிஸ் ஆவணங்களுக்கே பதிப்பு குறிப்பிட்டு லிங்க் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஆனால் கணக்கு தெரிந்து கொடுங்கள். அந்தத் தளம் நடப்புப் பதிப்பையும் அதற்கு முந்தைய நான்கு பதிப்புகளையும் மட்டுமே வைத்திருக்கிறது. வருடத்துக்குச் சுமார் மூன்று பதிப்புகள் வெளியாகின்றன. அதாவது இன்றைய பதிப்புக்குக் கட்டிய லிங்குக்கு இரண்டு வருடம்கூட ஆயுள் இல்லை. பதிப்பின் ஆதரவுக் காலமே ஏறத்தாழ 14 மாதம்தான் என்பதால் அது நியாயமும்கூட. ஒழுங்காக அப்கிரேடு செய்கிற டீமுக்கு, பதிப்பு எண் உள்ள லிங்க்தான் நல்லது; உங்கள் கிளஸ்டர் 1.31இல் இருக்கும்போது 1.34இன் பக்கத்தைப் படித்துவிட்டு, இல்லாத ஒரு புலத்தை எழுதி அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டோம். அப்கிரேடை ஒத்திப்போடும் பழக்கம் உள்ள டீம் என்றால் நடப்புப் பக்கத்துக்கே லிங்க் கொடுத்து, பக்கத்தில் பதிப்பை எழுதி வைப்பது மேல்.

சரி, உள்பக்கங்களுக்கு வருவோம். இங்கேதான் ஒரு சின்ன முதலீடு நிறையத் தலைவலியைத் தவிர்க்கும். விக்கி மாறும், டிக்கெட் மென்பொருள் மாறும், டீமின் பெயரே மாறும். கான்ஃபிகில் விக்கியின் நீண்ட முகவரியை எழுதாமல், நீங்களே நடத்தும் ஒரு குறுக்குப் பெயரை எழுதுங்கள். "டாக்ஸ்" என்று தொடங்கும் உங்கள் உள் டொமைன், அதற்குப் பின் "ரன்புக், பேமென்ட்ஸ், டிஸ்க் நிரம்பியது" என்பது போன்ற ஒரு பாதை. அதை உண்மையான பக்கத்துக்கு அனுப்பும் அட்டவணை ஒரு கிட் ரெப்போவில் இருக்கட்டும். விக்கி மாறும் நாளில் அட்டவணை மட்டும் மாறும். நூற்றுக்கணக்கான மேனிஃபெஸ்டுகளை (யாமெல் வரையறைக் கோப்புகளை) தொட வேண்டாம்.

இதை அமைக்கும்போது மூன்று விஷயம். ரீடைரக்டை 302 (தற்காலிகம்) ஆகக் கொடுங்கள். 301 (நிரந்தரம்) கொடுத்தால் பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் அட்டவணையை மாற்றிய பிறகும் பழைய இடத்துக்கே போகும். இரண்டாவது, இந்தச் சேவையை எந்தக் கிளஸ்டரின் ரன்புக்குகளை அது காட்டுகிறதோ அதே கிளஸ்டரில் ஓட்டாதீர்கள். கிளஸ்டர் விழுந்தால் எழுப்பும் வழியும் அதோடு விழும். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று தோன்றும். ஆனால் உள்கருவிகள் எல்லாவற்றையும் ஒரே கிளஸ்டரில் வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். மூன்றாவது, லிங்க் திறக்கப்போகும் இடத்திலிருந்து திறந்து பாருங்கள். சிங்கப்பூர் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் புரொடக்ஷனைத் தொடும் கணினியில் பெரும்பாலும் இணையம் இருக்காது. உங்கள் லேப்டாப்பில் அழகாகத் திறக்கும் வெளி லிங்க் ஜம்ப் ஹோஸ்டில் (புரொடக்ஷனுக்குள் நுழையும் இடைக் கணினியில்) சுழன்றுகொண்டே இருக்கும். சென்னையிலிருந்து விபிஎன் வழியாக வருபவருக்கு உள் விக்கியே திறக்காமல் போகலாம். அப்படிப்பட்ட இடங்களில் வெளி ஆவணத்தின் தேவையான பகுதியை உள்ளேயே பிரதி எடுத்து வையுங்கள். குபர்னெட்டிஸ் ஆவணங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் இருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டுப் பிரதி எடுப்பதில் தடை இல்லை.

படி 4: லிங்கைச் சரியான இடத்தில் வையுங்கள், பாட்களை எழுப்பாமல்

இந்தப் படியைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு லிங்கைத் திருத்துவது புரொடக்ஷனில் எதையும் அசைக்காது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். உண்மையில் மூன்று வழிகளில் அசைக்கும்.

முதல் வழி, பாட் டெம்ப்ளேட். டெப்ளாய்மென்டில் அனோட்டேஷன் எழுத இரண்டு இடம் உண்டு: மேலே டெப்ளாய்மென்டின் சொந்த மெட்டாடேட்டா, உள்ளே பாட் டெம்ப்ளேட்டின் மெட்டாடேட்டா. மேலே மாற்றினால் ஒன்றும் ஆகாது. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் டெம்ப்ளேட் மாறிவிட்டது என்று கணக்கு; புதிய ரெப்ளிகாசெட் (ஒரே மாதிரிப் பாட்களின் தொகுதி) உருவாகி, பாட்கள் எல்லாம் படிப்படியாக மாற்றப்படும். டேட்டாபேஸ் போன்றவற்றை ஓட்டும் ஸ்டேட்ஃபுல்செட் என்றால், கடைசி எண் உள்ள பாடில் தொடங்கி வரிசையாக மறுதொடக்கம். விக்கி முகவரியைத் திருத்தப்போய் டேட்டாபேஸ் பாட்கள் மறுதொடக்கம் ஆவது இப்படித்தான்.

இரண்டாவது வழி, யாமெல் கோப்புகளை இடத்துக்கேற்ப மாற்றித் தரும் கஸ்டமைஸ் கருவி. அதில் காமன் அனோட்டேஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. எல்லாப் பொருட்களுக்கும் ஒரே அடியில் அனோட்டேஷன் போட வசதியானது. அது பாட் டெம்ப்ளேட்டுக்குள்ளும் போய் எழுதும். ஆக அங்கே ஒரு லிங்கை மாற்றினால் அந்தக் கஸ்டமைஸ் தொகுப்பின் எல்லா வேலைகளின் பாட்களும் மாற்றப்படும்.

மூன்றாவது வழி, முன்பு சொன்ன கான்ஃபிக்மேப் கமென்ட். கான்ஃபிக்மேப் மாறினால் பாட் தானே மறுதொடக்கம் ஆகட்டும் என்று ஹெல்ம் சார்ட்டுகளில் அதன் செக்சம்மை (உள்ளடக்கம் மாறினால் மாறும் கைரேகை போன்ற எண்ணை) பாட் அனோட்டேஷனாக எழுதுவார்கள். கஸ்டமைஸின் கான்ஃபிக்மேப் ஜெனரேட்டரும் பெயரின் வாலில் அதே போன்ற ஒரு ஹேஷைச் சேர்த்து அதையே செய்யும். உள்ளே இருப்பது கமென்டா செட்டிங்கா என்று இரண்டுக்கும் தெரியாது. லிங்க் மாறினால் ஹேஷ் மாறும், ஹேஷ் மாறினால் பாட் மாறும்.

இதனால் விதி எளிது. மனிதர்கள் படிக்கும் லிங்குகள் பொருளின் மேல்மட்ட மெட்டாடேட்டாவில் மட்டும் இருக்கட்டும். கான்ஃபிக்மேப்புக்குள் திணித்த கோப்புகளிலிருந்து லிங்க் கமென்டுகளை வெளியே எடுத்து, யாமெலின் சொந்தக் கமென்டாகவோ கான்ஃபிக்மேப்பின் அனோட்டேஷனாகவோ மாற்றுங்கள். ஹெல்ம் செக்சம் ரெண்டர் ஆன கான்ஃபிக்மேப் கோப்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால் இவையும் அதை மாற்றிவிடும்; அங்கே லிங்கை வேல்யூஸ் கோப்பின் கமென்டாக வையுங்கள். அந்த ஒருமுறை மாற்றத்தை அடுத்த திட்டமிட்ட ரிலீஸோடு சேர்த்து அனுப்புங்கள். ஆண்டு இறுதி சேஞ்ச் ஃப்ரீஸ் (மாற்றத் தடை) நேரத்தில் "வெறும் லிங்க்தானே" என்று ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வந்தால், ரெண்டர் செய்த வெளியீட்டின் வித்தியாசத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அலர்ட் விதிகளுக்கு இந்தக் கவலை இல்லை. விதி மாறினால் ப்ரொமீதியஸ் அதை மறுபடி வாசித்துக்கொள்ளும், மறுதொடக்கம் வேண்டாம்.

அனோட்டேஷன் பெயர்களை டீமுக்கு டீம் இஷ்டத்துக்கு வைக்க விடாதீர்கள். உங்கள் டொமைனை முன்னொட்டாக வைத்து மூன்று பெயர் போதும்: ரன்புக், ஆவணம், பொறுப்பாளர். பொறுப்பாளர் இடத்தில் ஆள் பெயர் எழுத வேண்டாம், டீமின் பெயர் எழுதுங்கள். ஆள் ரிசர்விஸ்டில் இருப்பார், அல்லது போன வருடமே ராஜினாமா செய்திருப்பார். சேவைகளைப் பட்டியலிடும் பேக்ஸ்டேஜ் கருவியைப் பயன்படுத்தும் இடங்களில் கேட்டலாக் கோப்பில் லிங்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. இரண்டு இடத்திலும் கையால் எழுதாமல் ஒன்றிலிருந்து மற்றதை உருவாக்குங்கள்.

டோக்கன் உள்ள லிங்கும், சில மணி நேரத்தில் காலாவதி ஆகும் கையொப்பமிட்ட லிங்கும் எங்கேயும் வேண்டாம். அனோட்டேஷனைப் படிக்க அனுமதி உள்ளவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

படி 5: இப்போது கருவியை ஓட்டுங்கள்

லைச்சி என்ற கருவியை நான் பரிந்துரைப்பேன். ரஸ்ட்டில் எழுதியது, வேகமானது, மார்க்டவுன் மட்டும் என்றில்லாமல் எந்த எழுத்துக் கோப்பிலிருந்தும் லிங்குகளைப் பொறுக்கும், முடிவுகளைத் தற்காலிகமாகச் சேமித்தும் வைத்துக்கொள்ளும். டெம்ப்ளேட் கோப்புகளின் மேல் நேராக ஓட்டினால் அரைகுறை முகவரிகளைப் பிடித்துப் பொய்ப் பிழை சொல்லும். அதனால் வேல்யூஸ் கோப்புகளையும் ரெண்டர் செய்த வெளியீட்டையும் கொடுங்கள்.

இரண்டு தனி ஓட்டங்கள் வேண்டும். புல் ரிக்வெஸ்டில் ஓடுவது, அந்த மாற்றத்தில் புதிதாக வந்த லிங்குகளையும் உங்கள் சொந்தக் குறுக்குப் பெயர்களையும் மட்டும் பார்க்கட்டும். தவறினால் மெர்ஜைத் தடுக்கட்டும். எல்லா வெளி லிங்குகளையும் பார்க்கும் முழு ஓட்டம் வாரம் ஒருமுறை தனியாக நடக்கட்டும். அது யாரையும் தடுக்கக் கூடாது, ஒரு டிக்கெட் மட்டும் திறக்கட்டும். யாரோ ஒருவரின் வலைத்தளம் பத்து நிமிடம் படுத்ததற்காக உங்கள் அவசரத் திருத்தம் பைப்லைனில் நின்றால், மறுநாளே யாராவது சரிபார்ப்பையே அணைத்துவிடுவார்கள்.

நேரம் குறிப்பதில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் கால அட்டவணை இயல்பாக யூடிசி நேரம். நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். திங்கள் காலை 9 மணிக்கு வேண்டுமென்றால் மணி இடத்தில் 1 என்று எழுத வேண்டும். காலை 7 மணிக்கு வேண்டுமென்றால் 23, கூடவே கிழமையை ஞாயிறாக மாற்ற வேண்டும். இதை மறந்து செவ்வாய்க்கிழமை அறிக்கை வாங்கும் டீம்கள் உண்டு. கிளஸ்டருக்குள்ளேயே கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் ஓடும் வேலை) ஆக ஓட்டினால் நேர மண்டலப் புலத்தில் ஆசியா/சிங்கப்பூர் என்று எழுதிவிடலாம், 1.27 முதல் அது நிலையான வசதி.

விடைகளைப் படிப்பது எப்படி? 404, 410 என்றால் லிங்க் செத்துவிட்டது, சந்தேகம் வேண்டாம். 403 பெரும்பாலும் கருவியை ரோபோ என்று தள்ளிவிட்டது, கையால் திறந்து பாருங்கள். 429 என்றால் அதிகம் கேட்டுவிட்டோம். கிட்ஹப் லிங்குகள் நிறைய இருந்தால் கருவிக்கு ஒரு டோக்கன் கொடுங்கள். உள் லிங்குகளுக்கு, உங்கள் வலைக்கு வெளியே ஓடும் ரன்னரிலிருந்து (சரிபார்ப்பை ஓட்டும் கணினியிலிருந்து) எப்போதும் தோல்விதான் வரும். அவற்றை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு மறந்துபோவது வழக்கம். அப்படிச் செய்யாமல் உள்வலையில் ஒரு ரன்னர் வைத்து அங்கே ஓட்டுங்கள்.

200 வந்தவற்றில்தான் மறைந்திருக்கும் பிழைகள். மூன்று வகை.

முகவரியில் ஹேஷ் (#) குறிக்குப் பின் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை, பிரவுசரோடு நின்றுவிடும். குபர்னெட்டிஸ் ஆவணத் தளத்தில் அந்தப் பெயர்கள் தலைப்பு வாசகத்திலிருந்து தானாக உருவாகின்றன. யாராவது தலைப்பைச் சற்றே மாற்றினால், லிங்க் பக்கத்தின் உச்சிக்குப் போய் நிற்கும். லைச்சியில் இதையும் பார்க்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

இரண்டாவது, வேறெங்கோ கொண்டுபோய் விடும் ரீடைரக்ட். ஒரு நிறுவனம் ஆவணத் தளத்தை மாற்றும்போது பழைய முகவரிகள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். கேட்ட முகவரியையும் கடைசியில் நின்ற முகவரியையும் ஒப்பிட்டு, பாதை திடீரென்று குட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். உள் விக்கியில் இதே வேலையை லாகின் பக்கம் செய்யும்: நீக்கப்பட்ட பக்கத்துக்கும் லாகின் திரைக்கு 200 வரும்.

மூன்றாவது, முதலில் பார்த்த பாட் செக்யூரிட்டி பாலிசி வகை. பக்கத்தின் உள்ளடக்கத்தை இறக்கி "நீக்கப்பட்டது", "கைவிடப்பட்டது", "இந்தப் பதிப்பு இனி பராமரிக்கப்படுவதில்லை" என்ற பொருள்படும் ஆங்கில வாசகங்களைத் தேடும் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்களே எழுத வேண்டும். பொய் எச்சரிக்கை கொஞ்சம் வரும். வரட்டும், வாரம் ஒருமுறைதானே.

படி 6: அப்கிரேடோடு கட்டிப்போடுங்கள்

தனி வேலையாக வைத்தால் இது நடக்காது. கிளஸ்டர் அப்கிரேடு எப்படியும் நடந்தே தீரும், அந்தச் சரிபார்ப்புப் பட்டியலில் லிங்குகளையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு மைனர் பதிப்புக்கும் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு. அந்தப் பதிப்பில் நீக்கப்படும் ஏபிஐகளின் பெயர்களை மேனிஃபெஸ்டுகளில் தேடும்போது, ஆவண லிங்குகளிலும் கமென்டுகளிலும் சேர்த்தே தேடுங்கள். இன்க்ரெஸின் பீட்டா பதிப்பு 1.22இலும் கிரான்ஜாப்பின் பீட்டா பதிப்பு 1.25இலும் போனபோது, மேனிஃபெஸ்டை மாற்றியவர்கள் பக்கத்தில் இருந்த கமென்டை விட்டுவிட்டார்கள். அப்புறம், முகவரிக்குள் இருக்கும் பதிப்பு எண்களை உயர்த்துங்கள். பதிப்புகளைத் தானாக உயர்த்தும் ரெனொவேட் கருவியைப் பயன்படுத்தினால் இதைக் கையால் செய்ய வேண்டாம்: ரீஜெக்ஸ் வடிவத்தில் ஒரு விதி எழுதினால், சார்ட்டின் பதிப்பு உயரும் அதே புல் ரிக்வெஸ்டில் லிங்கின் பதிப்பும் உயரும். ரிவ்யூ செய்பவர் அந்த லிங்கை ஒருமுறை சொடுக்கிப் பார்த்தால் போதும்.

படி 7: புதிதாக வருபவற்றுக்கு வாசலில் ஒரு காவல்

ரன்புக் லிங்க் இல்லாத அலர்ட் விதியை உள்ளே விடக் கூடாது என்று கொள்கை வையுங்கள். கிவெர்னோவில் எழுதலாம், குபர்னெட்டிஸ் 1.30இல் நிலையான வசதியாக வந்த வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசியிலும் எழுதலாம், தனி வெப்ஹூக் தேவையில்லை. அங்கே பார்க்க வேண்டியது இரண்டுதான்: லிங்க் இருக்கிறதா, உங்கள் குறுக்குப் பெயர் டொமைனில் தொடங்குகிறதா. லிங்க் திறக்கிறதா என்று அங்கே பார்க்கப் போகாதீர்கள். விக்கி படுத்த நேரத்தில் டெப்ளாய்மென்டும் படுக்கும்.

குபர்னெட்டிஸே இப்படி ஒரு காவலை வைத்திருக்கிறது. கே8எஸ்.ஐஓ என்று முடியும் குழுப் பெயரில் ஒரு கஸ்டம் ரிசோர்ஸ் வரையறையை உருவாக்கினால், அந்த ஏபிஐக்கு ஒப்புதல் கிடைத்த புல் ரிக்வெஸ்டின் முகவரியை அனோட்டேஷனில் கொடுக்க வேண்டும், அல்லது ஒப்புதல் இல்லை என்றாவது எழுத வேண்டும். ஏபிஐ சர்வர் அது முகவரி வடிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். போய்த் திறந்து பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய நேரம் இல்லையென்றால், அலர்ட்டுகளின் ரன்புக் லிங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் மூன்று படிகளை முடியுங்கள். கமென்டுகள் காத்திருக்கும். ஒரு ரன்புக் தேவையில்லாமல் போனாலும் அதன் குறுக்குப் பெயரை அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள், இன்னொரு ரன்புக்குக்கும் அதைக் கொடுக்காதீர்கள். பழைய சம்பவ அறிக்கைகளிலும் சாட் பதிவுகளிலும் அந்தப் பெயர் கிடக்கும். அதை "இந்த அலர்ட் நீக்கப்பட்டது, பதிலாக இதைப் பார்க்கவும்" என்ற ஒரு வரிப் பக்கத்துக்குத் திருப்பி, நீக்கிய தேதியையும் எழுதி விட்டுவிடுங்கள்.